மாடித் தட்டில் குருவி குறைந்து புறா கூடினால் ஊரிலும் அப்படித்தானா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். மதுரைப் பக்கம் மாடி வீடு. எட்டு ஆண்டுகளாகக் காலையில் அகலமான தட்டில் அரைக் கிலோ கம்பும் குருணையும் போடுகிறீர்கள். தொடக்கத்தில் இருபது, இருபத்தைந்து சிட்டுக்குருவி வந்தது. மாடப்புறா இரண்டோ மூன்றோதான். இப்போது புறா நாற்பது, குருவி நாலைந்து. மைனாவும் அணிலும் பழையபடியே வருகின்றன. குருவி இனம் அழிகிறதா, பக்கத்துத் தெருவில் நட்ட செல்போன் கோபுரம்தான் காரணமா, தீனி வைப்பதை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில் நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது: தட்டில் நடப்பதை வைத்து ஊரில் நடப்பதைச் சொல்ல முடியுமா? அதைத் தீர்த்துக்கொண்டால் மற்றவற்றுக்குப் பதில் சொல்வது எளிது.

முதலில் சுருக்கமான விடை. மாடப்புறா பெருகியிருப்பது உண்மை; உங்கள் மாடியில் மட்டுமல்ல, நாடு முழுக்க. சிட்டுக்குருவி இந்தியாவிலிருந்து அழிந்துகொண்டிருக்கிறது என்பது சரியல்ல. உங்கள் தெருவில் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் தட்டை மட்டும் பார்த்து அதை உறுதிசெய்ய முடியாது. கோபுரத்தைக் குற்றவாளியாக்கும் அளவுக்குச் சான்று கிடையாது. தீனியை நிறுத்த வேண்டாம். வைக்கும் விதத்தை மாற்றுங்கள். அந்த மாற்றமே உங்கள் முதல் சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனையாகவும் அமையும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

தட்டில் எண்ணும் எண், முதலில் தட்டைப் பற்றிய செய்தி; அதன் பிறகுதான் பறவையைப் பற்றிய செய்தி. தட்டின் அகலம், தானியத்தின் வகை, அளவு, போடும் நேரம், அடுத்த வீட்டில் யாராவது புதிதாகத் தீனி வைக்கத் தொடங்கியது, பக்கத்து மனையில் இருந்த வேலிச் செடியை வெட்டியது, ஒரு வல்லூறு இரண்டு நாள் தண்ணீர்த் தொட்டி மேல் வந்து உட்கார்ந்தது என எல்லாமே அந்த எண்ணை மாற்றும். தை, மாசியில் அறுவடை நடக்கும்போது ஊரோரத்துக் குருவிகள் வயலுக்கும் களத்துக்கும் போய்விடும். அந்த மாதம் தட்டு காலியாக இருந்தால் குருவி செத்துப்போனதாகப் பொருளில்லை. இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. சென்னை ராயப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஆயிரக்கணக்கில் பச்சைக்கிளிகள் வரிசையாக உட்கார்ந்து அரிசி தின்னும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது சென்னையில் கிளி பெருகியதற்கான சான்று அல்ல. பல கிலோமீட்டர் சுற்றளவில் சிதறிக் கிடந்த கிளிகள் ஒரே இடத்துக்கு வரக் கற்றுக்கொண்டதற்கான சான்று.

உங்கள் தட்டில் புறா ஏன் ஜெயிக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து கவனித்தால் புரியும். சிட்டுக்குருவி ஒரு கம்பை எடுத்து, அலகுக்குள் உருட்டி, உமியை நீக்கி, பிறகே விழுங்கும். அலகோரத்தில் உமி ஒட்டியிருக்கும்; தட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் அந்த உமிதான். புறா அப்படிச் செய்வதில்லை. தானியத்தை முழுசாக விழுங்கித் தொண்டைப் பையை நிரப்பிக்கொண்டு போய், பிறகு நிதானமாகச் செரிக்கும். 300 முதல் 350 கிராம் எடையுள்ள ஒரு புறாவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் தானியம் வேண்டும். அதன் பெரும்பகுதியைச் சில நிமிடங்களில் பைக்குள் அடைத்துக்கொள்ள அதனால் முடியும். 25, 30 கிராம் எடையுள்ள குருவிக்கு ஐந்தாறு கிராம் போதும், ஆனால் அதற்கு நேரம் தேவை. நீங்கள் போடும் அரைக் கிலோ, கணக்குப்படி எண்பது குருவிக்கு மேல் ஒரு நாள் வயிற்றை நிரப்பும். புறாவுக்கானால் பதினாறுக்குத்தான். வருவதோ நாற்பது. ஆகவே அவை உங்கள் தட்டை மட்டும் நம்பியில்லை, வேறு இடங்களிலும் தின்கின்றன. நீங்கள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வரும்போது தட்டு சுத்தமாகிவிடும். குருவி வரவில்லை என்பதைவிட, வந்து பார்த்து ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

இதைவிடப் பெரிய வேறுபாடு குஞ்சு வளர்ப்பில் இருக்கிறது. தானியம் போடும் பலருக்கும் இது தெரிவதில்லை. புறா தன் தொண்டைப் பையில் சுரக்கும் பால் போன்ற கூழை ஊட்டித்தான் குஞ்சை வளர்க்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது சுரக்கும். தாய் தந்தைக்குத் தானியம் கிடைத்தால் போதும், குஞ்சுக்கு உணவு தயார். ஆண்டில் எந்த மாதமும் இரண்டு முட்டை இடும், பதினேழு பதினெட்டு நாளில் பொரியும், முதல் ஜோடிக் குஞ்சு கூட்டை விட்டுப் போவதற்கு முன்பே அடுத்த முட்டைகளை இட்டுவிடுவதும் உண்டு. சிட்டுக்குருவி அப்படியல்ல. பெரிய குருவி தானியம் தின்றாலும் அதன் குஞ்சுக்கு முதல் சில நாள் கம்பளிப்புழு, அசுவினி, சிறு வண்டு, சிலந்தி போன்றவைதான் வேண்டும். பூச்சி இல்லாத தெருவில் ஒரு மூட்டைக் கம்பைக் கொட்டினாலும் குருவிக் குஞ்சு வளராது. அகலத் தட்டில் தானியம் மட்டும் வைப்பது, நடைமுறையில், புறாப் பண்ணைக்குத் தீனி போடுவதுதான். கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு ஊருக்கு ஊர் நடப்பது இதுதான்.

இனி பெரிய கணக்குகள். இந்தியாவில் நம்பத்தக்க பரந்த கணக்கு ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கைகள். 2020-லும் 2023-லும் வந்தன. பறவை பார்ப்பவர்கள் இ-பேர்டு தளத்தில் ஏற்றிய பட்டியல்களே இவற்றுக்கு அடிப்படை. 2023 அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அவற்றில் நீண்டகாலப் போக்கைக் கணிக்கும் அளவுக்குத் தரவு இருந்தவை 338. அந்த 338-ல் 204 குறைந்திருந்தன, 98 பெரிய மாற்றமின்றி இருந்தன, 36 கூடியிருந்தன. கூடியவற்றில் மாடப்புறா, மயில், குயில், சாம்பல் கதிர்க்குருவி ஆகியவை அடக்கம். இந்த நான்கில் உங்கள் தட்டுக்கு வருவது எது என்று பாருங்கள்: புறா மட்டும்தான். குயில் பழந்தின்னி, கதிர்க்குருவி பூச்சிதின்னி. உங்கள் வீட்டு வேப்பமரத்தில் குயில் இரண்டு மடங்கானாலும் தட்டுக்கு அது தெரியப் போவதில்லை. சிட்டுக்குருவியைப் பொறுத்தவரை 2020 அறிக்கை சொன்னது, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ ஒரே நிலை. ஆனால் சென்னை, பெங்களூரு, டெல்லி, ஐதராபாத், கொல்கத்தா, மும்பை ஆகிய பெருநகரங்களில் படிப்படியான குறைவு. மதுரை அந்த ஆறில் இல்லை. அதனால் உங்கள் ஊர் நாட்டுப் போக்கில் நிற்கிறதா, பெருநகரப் போக்கில் போகிறதா என்பதை அங்கே எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்குக்கும் வரம்பு உண்டு. இந்தியாவில் இ-பேர்டு பட்டியல்கள் பெருகியது 2013, 2014-க்குப் பிறகுதான். அதற்கு முந்தையவை பெரும்பாலும் பழைய நாட்குறிப்புகளிலிருந்து பின்னாளில் ஏற்றியவை. பறவை பார்ப்பவர்கள் ஏரிக்கும் காட்டுக்கும் போகிற அளவுக்கு மளிகைக்கடைத் தெருவுக்குப் போவதில்லை. எனவே ‘எங்கள் தாத்தா காலத்தில் இவ்வளவு குருவி இருந்தது’ என்பதை இந்தத் தரவால் மெய்யென்றும் நிரூபிக்க முடியாது, பொய்யென்றும் தள்ள முடியாது. அந்த நினைவுகளை நான் அலட்சியம் செய்யமாட்டேன். புகைப்படச் சட்டத்துக்குப் பின்னால் வைக்கோலைச் செருகிக் குருவி கூடு கட்டியதைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த நினைவு, வீடு மாறியதையும் சேர்த்துத்தான் பதிவுசெய்திருக்கிறது. ஓட்டு வீட்டில் இருந்த இடுக்கு கான்கிரீட் வீட்டில் இல்லை.

நீண்டகால எண்கள் வேண்டுமானால் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். லண்டன் கென்சிங்டன் தோட்டத்தில் 1925-ல் எண்ணியபோது சிட்டுக்குருவி 2,603. அதே இடத்தில் 2000-ல் எண்ணியபோது 8. தொடக்ககாலச் சரிவுக்குக் குதிரைவண்டி போய் மோட்டார் வந்தது முக்கியக் காரணம் என்பார்கள். குதிரைத் தீனிப் பையிலிருந்தும் சாணத்திலிருந்தும் சிதறிய தானியம் இல்லாமல் போயிற்று. ஆனால் அந்த நாட்டில் பெரிய வீழ்ச்சி தொடங்கியது 1970-களில். அங்கே கைப்பேசிக் கோபுரம் எழுவதற்கு முன்பே குருவி சரியத் தொடங்கிவிட்டது. கோபுரக் கதையை ஏற்கத் தயங்குவதற்கு இது முதல் காரணம். 2007-ல் பெல்ஜியத்தில் வெளியான ஓர் ஆய்வு, அலைச்செறிவு கூடிய இடங்களில் ஆண் குருவிகள் குறைவாகத் தென்பட்டன என்று சொன்னது உண்மைதான். கோபுரத்தைக் குறை சொல்பவர்கள் மேற்கோள் காட்டுவது அதைத்தான். ஆனால் அது இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதைக் காட்டியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று காட்டவில்லை. கோபுரம் நடுவது நெருக்கமாகக் கட்டடம் எழும் இடத்தில். அதே இடத்தில்தான் இடுக்கும் புதரும் பூச்சியும் போகின்றன.

சரி, உண்மையான காரணம் என்ன? கூடு கட்ட இடுக்கு இல்லாமை, குஞ்சுக்குப் பூச்சி இல்லாமை, ஒதுங்கப் புதர் இல்லாமை ஆகிய மூன்றும் வலுவான காரணங்கள். ஆனால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில் இன்னும் தெளிவில்லை. லண்டன் புறநகர்களில் குருவிக் கூட்டங்களுக்குப் பக்கத்தில் மாவுப்புழு வைத்துச் சோதித்தார்கள். அதிகக் குஞ்சுகள் பிழைத்துப் பறந்தன; ஆனால் அடுத்த ஆண்டு முட்டையிடும் ஜோடிகளின் எண்ணிக்கை குறிப்பிடும்படி கூடவில்லை. அப்படியானால் பூச்சி மட்டுமே தடையாக இருக்கவில்லை. அங்கே பறவை மலேரியாவும் ஒரு பங்கு வகித்திருக்கலாம் என்று 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. ஈயமில்லாப் பெட்ரோலில் சேர்க்கும் பொருள்மீதும் சந்தேகம் கிளப்பினார்கள், நிரூபிக்கவில்லை. ஒற்றைக் காரணத்தை அடித்துச் சொல்கிறவரைக் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

தீனித் தட்டே பறவைகளின் எண்ணிக்கையை மாற்றும் என்பதற்கும் அங்கேதான் நல்ல சான்றுகள் இருக்கின்றன. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பத்துத் தோட்டத்தில் ஒன்றில்கூட ஐரோப்பியப் பொற்குருவி தீனிக்கு வரவில்லை. 2012-ல் பத்தில் எட்டுக்கும் மேலான தோட்டங்களில் வந்தது. அதற்கேற்ற நுண்ணிய விதைகளும் குழாய் வடிவத் தீனிக்கூண்டுகளும் கடைக்கு வந்ததற்கு இதில் பெரும் பங்கு உண்டு. மறுபக்கம், 2005-ல் அதே தட்டுகளில் கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சை நிறக் குருவி தொண்டை வீங்கிச் சாகத் தொடங்கியது. புறாக்களின் தொண்டையில் வாழும் டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, ஒரே தட்டில் எச்சிலும் தண்ணீரும் கலந்ததால் குருவிகளுக்குத் தாவியது. சில ஆண்டுகளில் சுமார் 43 லட்சம் என்றிருந்த அந்த இனம் 28 லட்சமாகக் குறைந்தது. அங்குள்ள பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி. 2025 தொடக்கத்தில் தட்டையான தீனித் தட்டுகளை விற்பதையே நிறுத்திவைத்தது. அமெரிக்காவில் ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற குருவிக்கு 1994-ல் தொடங்கிய கண்நோயும் தீனிக்கூண்டுகளின் வழியாகப் பரவியது. புறாவும் குருவியும் ஒரே தட்டில் மோதிக்கொள்ளும் உங்கள் மாடிக்கு இவை இரண்டும் பொருந்தும் எச்சரிக்கைகள்.

இப்போது எண்ணும் முறை. அமெரிக்கா, கனடாவில் நடக்கும் ‘ஃபீடர்வாட்ச்’ திட்டம் 1976-ல் ஒன்டாரியோவில் சிறிதாகத் தொடங்கி 1987 முதல் கண்டம் முழுக்கப் பரவியது. பிரிட்டனில் 1979 முதல் ஜனவரிக் கடைசியில் ஒரு மணி நேரத் தோட்டக் கணக்கு நடக்கிறது. இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று: ஒரே பார்வையில் ஒன்றாகத் தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். 6.40-க்கு நாலு குருவி, 6.45-க்கு மூன்று, 6.50-க்கு ஆறு என்றால் உங்கள் கணக்கு ஆறு. பதின்மூன்று அல்ல, போன குருவியே திரும்ப வந்திருக்கும். இந்த எண் உண்மையைவிடக் குறைவுதான். காலில் வளையமிட்டுப் பார்த்த இடங்களில் ஒரு நாளில் வந்து போகும் தனிப்பறவைகள் இதைவிடப் பல மடங்கு இருந்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகக் குறைவாக இருப்பதால், முந்தைய ஆண்டோடு ஒப்பிட அது போதும்.

உங்களுக்கு ஏற்றபடி இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள், முடிந்தால் அடுத்தடுத்த நாள். சூரியன் உதித்து அரை மணி கழித்துப் பதினைந்து நிமிடம். ஒரே இடத்தில், தட்டிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், மழை அல்லது காற்று, போட்ட தானியமும் கிராமும், ஒவ்வொரு இனத்தின் அதிகபட்ச எண். குருவி வரவில்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடாமல் பூஜ்யம் போடுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் ஆறு மாதம் கழித்து அன்று வரவில்லையா, நீங்கள் எண்ணவில்லையா என்று உங்களுக்கே தெரியாது. நிறைய பேருடைய நோட்டு வீணாவது இந்த இடத்தில்தான்: குருவி கூட்டமாக வந்த நாளை மட்டும் எழுதுவார்கள். ஒப்பிடும்போது ஜனவரியை ஜனவரியோடு வையுங்கள், ஜூனோடு வைக்காதீர்கள். இரண்டு ஆண்டுக்குக் குறைந்த நோட்டிலிருந்து போக்கு எதையும் சொல்ல வேண்டாம்.

தட்டுக் கணக்கோடு ஒரு தெருக் கணக்கும் சேர்ந்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். மாதம் இருமுறை, வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே வழியில் காலையில் மெல்ல நடந்து, பார்த்ததும் கேட்டதுமான சிட்டுக்குருவிகளை எழுதுங்கள். மின்சார மீட்டர் பெட்டி, கடைப் பலகையின் பின்புறம், ஷட்டர் பெட்டி, ஏசி குழாய் போகும் ஓட்டை ஆகியவற்றின் வாயில் கறுப்புத் தொண்டையுள்ள ஆண் உட்கார்ந்து விடாமல் ‘சிலிப் சிலிப்’ என்று கத்தினால், அது கூட்டுக்கு உரிமை கொண்டாடுகிறது என்று பொருள். அந்த ஆண்களை மட்டும் தனியாக எண்ணினால் தெருவில் எத்தனை ஜோடி என்று ஓரளவு தெரிந்துவிடும். சிட்டுக்குருவி வீட்டை விட்டு வெகுதூரம் போகாத பறவை. உங்கள் தட்டுக்கு வருபவை பெரும்பாலும் இந்தச் சுற்றளவுக்குள் கூடு உள்ளவைதான். இந்தப் பட்டியல்களை இ-பேர்டில் ஏற்றலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் வரும் உலகக் கணக்கெடுப்பும் பதினைந்து நிமிடப் பட்டியலையே கேட்கின்றன. உங்கள் மாடியிலிருந்தே கொடுக்கலாம்.

இனி நான் சொன்ன சோதனை. புறா நுழைய முடியாத தீனிக்கூண்டு ஒன்று செய்யுங்கள். ஒன்றரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்கி, பக்கத்துக்கு ஒன்றரை அடி உள்ள பெட்டியாகக் கட்டுங்கள். நடுவில் ஆறு அங்குல அகலத்தில் ஒரு சிறு மண்சட்டி. அப்போது எல்லாப் பக்கத்திலும் வலைக்கும் தானியத்துக்கும் நடுவே ஆறு அங்குல இடைவெளி கிடைக்கும். வெளியிலிருந்து கழுத்தை நீட்டும் புறாவுக்கும் காகத்துக்கும் எட்டாது. மேலே ஒரு தகரம் அல்லது பிளாஸ்டிக் தகடு போடுங்கள், மழைக்கும் எச்சத்துக்கும். வெட்டிய கம்பி முனைகளை உள்ளே மடக்கி அரம் போட்டுவிடுங்கள். அறுகோணக் கண் உள்ள கோழிவலை வேண்டாம். அது நெகிழ்ந்து கொடுக்கும், கால் சிக்கும். ஒரு அங்குலக் கண் குருவிக்கே இறுக்கமாக இருக்கும், இரண்டு அங்குலத்தில் மைனாவும் நுழையப் பார்க்கும். அணில் எப்படியும் நுழையும். அதோடு சண்டை போட்டுப் பயனில்லை. பூனை பாய முடியாதபடி செடிகளிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். வல்லூறு வந்தால் குருவி ஒரே பறப்பில் செடிக்குள் புகுந்துவிடும் தூரமும் அதுதான்.

கூண்டில் காலைக்கு 50 கிராம் கம்போ தினையோ சாமையோ போட்டால் போதும். மதியம் மிஞ்சினால் குறைத்துக்கொள்ளுங்கள். குருவிக்குப் புதுப் பொருள்மீது பயம் அதிகம். ஒன்றிரண்டு வாரம் கூண்டின் மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகும். அதற்குள் ‘இது வேலைக்காகாது’ என்று எடுத்துவிடாமல், வலையை ஒட்டி வெளியே ஒரு சிட்டிகைக் கம்பு தூவிவையுங்கள். இதே சமயம் அகலத் தட்டின் அளவை வாரத்துக்கு 100 கிராம் வீதம் குறையுங்கள். ஐந்தாவது வாரம் அது நின்றுவிடும். ஒரே நாளில் நிறுத்தினால் நாற்பது புறாவும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும், சண்டை உங்களுக்கு வரும். வேகாத அரிசி பறவை வயிற்றில் ஊதி வெடிக்கும் என்பது வெறும் புரளி, குருணை கொடுக்கலாம். உப்புப் போட்ட சோறு, மிக்சர், முறுக்குத் தூள் கூடாது.

கூண்டு வைத்து ஒன்றரை மாதம் கழித்து நோட்டைப் பாருங்கள். தட்டில் நாலைந்தாக இருந்த குருவி கூண்டில் பதினைந்து, இருபது என்று ஏறி, தெரு நடையிலும் கத்தும் ஆண்கள் நிறைய இருந்தால், உங்கள் தெருவில் குருவி குறையவே இல்லை, புறாதான் மறைத்திருந்தது. அவ்வளவு குறுகிய காலத்தில் புதிதாகப் பிறந்து அத்தனை ஏற முடியாது. கூண்டிலும் நாலைந்தே, தெரு நடையிலும் கத்தும் ஆண் ஒன்றிரண்டே என்றால், உண்மையிலேயே குறைந்திருக்கிறது. கூண்டில் மட்டும் ஏறி, தெருவில் கத்தும் ஆண் ஒன்றிரண்டே என்றால் சுற்றுவட்டாரக் குருவி உங்கள் வீட்டில் கூடுகிறது, அவ்வளவுதான். ராயப்பேட்டைக் கிளி போல.

உண்மையில் குறைந்திருந்தால் தானியம் அதைத் திருப்பித் தராது. கூடும் பூச்சியும்தான் தர முடியும். மரப்பெட்டி: தரை குறைந்தது நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலம், வாசல் 32 மில்லிமீட்டர் வட்டம், வாசலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஐந்து அங்குலம் மேலே. வாசலுக்குக் கீழே உட்காரும் குச்சி வைக்காதீர்கள், அது காகத்துக்கும் அணிலுக்கும் படி. பத்தடி உயரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில், சன்ஷேடு நிழலில் மாட்டுங்கள். குருவி கூட்டமாக வாழ்வது, அதனால் இரண்டு மூன்று பெட்டி பக்கம் பக்கமாக. வீட்டுக்குள் மின்விசிறி சுழலும் அறையில் கூடு கட்ட விடவே கூடாது. பெட்டிக்குப் பக்கத்தில் மருதாணி, முல்லை, காகிதப்பூ ஏதாவது அடர்த்தியாக வளரட்டும். அதற்கு மருந்து அடிக்காதீர்கள். அவரைக் கொடியில் அசுவினி அப்பியிருந்தால் எரிச்சல் வரும்தான், ஆனால் குஞ்சுள்ள குருவி அதைத் தேடித்தான் வரும். வாயில் பச்சைப் புழுவோடு பறக்கும் குருவியை ஒரு தரம் பார்த்துவிட்டால், பக்கத்தில் குஞ்சு இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம். ஆழமற்ற தட்டில் நைசான மணல் வைத்தால் புழுதிக் குளியலுக்கும் வரும்.

சுத்தம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். தீனிச் சட்டியை வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவி, திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசி, வெயிலில் காய்ந்த பிறகே தானியம் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கம்பு ஒரே நாளில் முளைவிடும், பூஞ்சணம் பிடிக்கும். அதைப் பறவைக்கு விடாதீர்கள். மந்தமாக உப்பி உட்கார்ந்திருக்கும், விழுங்கத் திணறும், அலகோரம் ஈரமாக இருக்கும் பறவையைப் பார்த்தால் இரண்டு வாரம் தீனியும் தண்ணீரும் வைக்காமல் கலைந்து போக விடுங்கள். இந்த இடத்தில் நிறுத்துவதுதான் சரி.

புறா எச்சம் உங்களுக்கும் ஆபத்து. காய்ந்த எச்சத் தூசியை மாதக்கணக்கில் சுவாசிப்பவர்களில் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை அழற்சி வரும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் நிரந்தரமாகத் தடித்துப்போகும். 2025-ல் மும்பையில் கபூதர்கானா எனப்படும், புறாவுக்குத் தீனி போடும் பொது இடங்களை மூடத் தொடங்கியபோது எழுந்த தகராறும், பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போன வழக்கும் இதை ஒட்டித்தான். எல்லோருக்கும் வருவதில்லை, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. எனவே மாடியைத் துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்க வேண்டாம். தண்ணீர் தெளித்து ஊறவைத்து, என்-95 முகக்கவசத்தோடு வழித்து எடுங்கள். வீட்டில் யாருக்காவது வாரக்கணக்கில் வறட்டு இருமலும் படி ஏறும்போது மூச்சிரைப்பும் இருந்தால், மருத்துவரிடம் போகும்போது மாடியில் நாற்பது புறா வருகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்பார் என்று இருக்க வேண்டாம்.